9 வருஷ பம்ப் அனுபவத்துக்கு இங்க மதிப்பே இல்லீங்களா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

நொய்யல்கரை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க. எனக்கு கோயமுத்தூருங்க, மெக்கானிக்கல் பி.இ. முடிச்சு 9 வருஷம் ஒரு பம்ப் கம்பெனியில இருந்தேன், முதல்ல அசெம்பிளி, அப்புறம் டெஸ்ட் பெட், கடைசி 4 வருஷம் டிசைன். மோனோபிளாக் பம்ப் ஒண்ணு ஓடற சத்தத்தை வச்சே பேரிங் போயிருக்கா இம்பெல்லர் (உள்ள சுத்தற சக்கரம்) உரசுதான்னு சொல்லிப்போடுவேன், பெருமைக்கு சொல்லலீங்க, அதுதான் என் தொழில். அந்த டிகிரிக்கும் அனுபவத்துக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரிங்கற குடியேற்றத் திட்டத்துல பாயின்ட் போட்டுத்தான் கனடா பி.ஆர்., அதான் நிரந்தரமா தங்கற உரிமை, குடுத்தாங்க.

வந்து 14 மாசம் ஆச்சு. டொராண்டோ பக்கத்துல ப்ராம்ப்டன்ல வேர்ஹவுஸ், நைட் ஷிப்ட், மணிக்கு 19 டாலர். ஒன்டாரியோ மினிமம் 17.60. அப்ப என்னோட படிப்பு, 9 வருஷ அனுபவம் எல்லாத்துக்கும் சேர்த்து இந்த ஊரு போட்ட விலை மணிக்கு 1 டாலர் 40 சென்டுங்க. இதை ராத்திரி ட்ராலி தள்ளிட்டே கணக்கு போட்டேன், அப்புறம் தூக்கமே வரல. 300 இடத்துக்கு மேல அப்ளை பண்ணியாச்சு, ரெண்டே ரெண்டு போன் வந்துச்சு, ரெண்டு பேரும் கேட்டது ஒரே கேள்விதான், கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா. வேலை குடுத்தாத்தானுங்க எக்ஸ்பீரியன்ஸ் வரும்? பாயின்ட் போட்டு கூப்பிடறப்ப மதிப்பா இருந்த அனுபவம் ஏர்போர்ட்ல இறங்கின உடனே எங்கீங்க போச்சு?

இன்னொண்ணும் கேக்கணும். போன வாரம் பிரேக் ரூம்ல கூட வேலை செய்யறவர் ஒருத்தர், இங்கயே பொறந்தவரு, நீங்க எல்லாம் வந்து குவியறதாலதான் எங்க சம்பளம் ஏறமாட்டேங்குதுன்னு சொன்னாரு. சண்டையா சொல்லல, நெஜமாவே வருத்தமா சொன்னாரு. அதே வாரம் திருப்பூர்ல இருந்து மச்சான் போன் பண்ணி, வடநாட்டு பசங்க வந்து நம்ம கூலியை கெடுத்துப்போட்டாங்க மாப்ளன்னு அதையே சொல்றான். ஊர்ல இருந்தப்ப நானும் ஆமா ஆமான்னு தலையாட்டியிருப்பேன். அன்னிக்கு என்னால ஆமான்னு சொல்ல முடியலீங்க. இதுல எது உண்மை? யாராவது படிச்சவங்க, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பனங்கூடல்:

தம்பி, உங்கட எழுத்தை வாசிச்சிட்டு கனநேரம் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். நான் 1991இல வந்தனான், இப்ப ஸ்கார்பரோவில. ஊரில கணக்கு வாத்தியார், 11 வருஷம் ஏ.எல். (உயர்தர) வகுப்புப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சனான். இங்க வந்து ரெண்டாம் கிழமையே ஒரு ரெஸ்டோரன்டில கோப்பை கழுவத் தொடங்கியிட்டன். எங்களை ஆரும் பாயின்ட் பார்த்துக் கூப்பிடேல்லை, உயிரோட வந்து சேர்ந்ததே காணும் எண்டு இருந்த காலம், அதால உங்களுக்கு இருக்கிற ஏமாற்றம் எங்களுக்கு இருக்கேல்லை. எண்டாலும் கோப்பை கழுவேக்க மனசுக்குள்ள தொகையீட்டுக் (இன்டெக்ரேஷன்) கணக்குச் செய்துகொண்டு நிண்டிருக்கிறன், மறந்துபோடுவனோ எண்ட பயத்தில.

நான் விட்ட பிழையைச் சொல்லுறன், நீங்கள் விடாதேங்கோ. அப்ப பின்னேரத்தில இங்கிலீஷ் வகுப்பு சும்மா, காசில்லாமல் நடந்தது. நான் போகேல்லை. பகல் ஒரு வேலை, இரவு ஒரு வேலை, ஏஜென்சிக்குக் குடுக்கவேண்டிய கடன், கொழும்பில லொட்ஜில நிண்ட தங்கச்சியவைக்கு அனுப்பவேண்டிய காசு. ஒரு வருஷம் இப்பிடி ஓடுவம், பிறகு பாப்பம் எண்டு நினைச்சன். அந்த ஒரு வருஷம் 9 வருஷமாப் போச்சுது. என்னோட ஒரே அறையில இருந்த ஒருத்தர், ஊரில அவர் ஓ.எல். (சாதாரண தரம்) மட்டும்தான், ஒரு வேலையை விட்டிட்டு 8 மாதம் வகுப்புக்குப் போனவர், பிறகு மெஷினிஸ்ட் கோர்ஸ் செய்தவர். 2000ஆம் ஆண்டளவில அவற்றை சம்பளம் என்ர சம்பளத்தைப்போல ரெண்டு மடங்கு. படிப்பில அவர் என்னைவிடக் குறைவு எண்டு நான் நினைச்சுக்கொண்டு இருந்தனான், இந்த நாட்டுக்குத் தேவையான படிப்பு அவரிட்டைத்தான் இருந்தது.

முதல் வேலையில கனகாலம் நிக்காதேங்கோ தம்பி. உடம்பு அதுக்குப் பழகியிடும், அதுதான் ஆபத்து.

கூலிக்கணக்கு:

நான் லேபர் எகனாமிக்ஸ்ல பி.ஹெச்.டி. பண்ணிட்டு இருக்கேன், ஐயா சொன்னதுலயே பாதி பதில் வந்துடுச்சு, மீதியை நான் சொல்லிப் பாக்குறேன்.

இந்த துறையில எல்லாரும் முதல்ல படிக்கிறது ஜேக்கப் மின்சர்னு ஒருத்தர் 1974ல எழுதின சம்பளக் கணக்கு. எத்தனை வருஷம் படிச்சீங்க, எத்தனை வருஷம் வேலை பாத்தீங்க, இது ரெண்டையும் வச்சு சம்பளம் எவ்வளவு கூடும்னு பாக்கிறது. ஒரே ஊர்ல பொறந்து அங்கயே வேலை பாக்குறவங்களுக்கு இது ஓரளவு நல்லாவே பொருந்தும். நாடு விட்டு நாடு போனவங்களுக்கு போட்டுப் பாத்தா உடையுது, ஏன்னா அந்தக் கணக்குல ஒரு வருஷம்னா எங்க இருந்தாலும் ஒரு வருஷம். நெஜத்துல அந்த வருஷம் எங்க கழிஞ்சதுங்கறதுதான் விலையை முடிவு பண்ணுது. இஸ்ரேலுக்கு வந்து குடியேறினவங்களை வச்சு ரேச்சல் ஃப்ரீட்பெர்க்னு ஒரு பொருளாதார அறிஞர் இதையே காட்டினாங்க, வெளிநாட்டுல படிச்ச படிப்புக்கு மதிப்பு கம்மி, வெளிநாட்டு அனுபவத்துக்கு அதைவிட ரொம்ப கம்மி. கனடா டேட்டாவும் இதையேதான் சொல்லுது, 1980களுக்கு அப்புறம் வந்தவங்களுக்கு, அதுலயும் ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வந்தவங்களுக்கு, வெளிநாட்டு அனுபவத்தால கிடைக்கிற கூடுதல் சம்பளம் சரிஞ்சுக்கிட்டே வந்து கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு பக்கத்துல போயிடுச்சு. இமிக்ரேஷன் ஆபீஸ் அந்த அனுபவத்துக்கு பாயின்ட் போடுது, மார்க்கெட் போடல. உங்க கோபம் முழுக்க நியாயமானது ப்ரோ, நீங்க ஏதோ சரியா முயற்சி பண்ணாததால வந்த நிலைமை இல்ல இது.

ஏன் இப்படின்னு கேட்டா பல காரணம் பின்னிக் கிடக்கு. டொராண்டோவுல ஃபிலிப் ஓரியோபவுலோஸ்னு ஒரு பேராசிரியர் ஆயிரக்கணக்கான ரெஸ்யூமே தயார் பண்ணி கம்பெனிகளுக்கு அனுப்பிப் பாத்தார். இங்கிலீஷ் பேரு, கனடா படிப்பு, கனடா அனுபவம் இருக்கிற ரெஸ்யூமேவுக்கு 100க்கு 16 கூப்பிட்டாங்க. இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பேரு, வெளிநாட்டுப் படிப்பு, வெளிநாட்டு அனுபவம்னா 100க்கு 5. மத்த எதையும் மாத்தாம ஒரே ஒரு வேலையை மட்டும் கனடாவுல பாத்ததா போட்டா அந்த 5 வந்து 8 ஆச்சு. பேரை மட்டும் மாத்தினாலும் வித்தியாசம் வந்துச்சு, அதை பாகுபாடுன்னுதான் சொல்லணும், மழுப்ப முடியாது. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, ஒன்டாரியோவுல குடியேறினவங்களுக்கு வாசிப்பு, கணக்கு எல்லாம் நேரடியா டெஸ்ட் வச்சுப் பாத்த ஆய்வுல, ஒரே மார்க் வாங்கின உள்ளூர்க்காரருக்கு அந்தத் திறமைக்கு என்ன சம்பளம் கூடுதோ குடியேறினவருக்கும் அதுக்குக் குறையாம கூடுச்சு. அதாவது உங்க திறமையை எதிர்ல இருக்கிறவர் நேரா பாக்க முடிஞ்சா காசு குடுக்கிறார். பேப்பர்ல மட்டும் பாத்தா அவருக்கு உங்க காலேஜும் தெரியாது, உங்க கம்பெனியும் தெரியாது, போன் போட்டு விசாரிக்க ஒரு ஆளும் தெரியாது. நீங்க இம்பெல்லர் சத்தத்தை வச்சு சொல்ற விஷயம் ரெஸ்யூமேல எந்த வரியிலயும் கேக்காதே.

ரெண்டாவது கேள்விக்கு நாளைக்கு எழுதுறேன், அது பெரிய கதை.

உறையூர்க்காரி:

அண்ணா நான் நேரா விஷயத்துக்கு வரேன், ஏன்னா நானும் இதுல 3 வருஷம் வீணாக்கினவ. இமிக்ரேஷனுக்கு டிகிரியை மதிப்பிட்டு வாங்கின ரிப்போர்ட் வேற, இன்ஜினியர் லைசென்ஸ் வேற, இது ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஒன்டாரியோல ப்ரொஃபஷனல் இன்ஜினியர்னு போட்டுக்க பி.இ.ஓ.ங்கற இன்ஜினியர் லைசென்ஸ் அமைப்போட லைசென்ஸ் வேணும். முன்னாடி அதுக்கு 12 மாசம் கனடா அனுபவம் கட்டாயம், 2023 மே மாசத்துல அதை எடுத்துட்டாங்க. இப்ப 48 மாச அனுபவத்தை அவங்க கேக்கற மாதிரி எழுதிக் காட்டணும், அது கோயமுத்தூர்ல பண்ணதா இருந்தாலும் பரவால்ல, படிப்பையும் பரிசீலிப்பாங்க, தொழில் நெறி சட்டம் பத்தி ஒரு பரீட்சையும் இருக்கு. இதை இன்னிக்கே ஆரம்பிங்க, பேப்பர் நகரவே மாசக்கணக்காகும். அப்புறம் 2026 ஜனவரியில இருந்து 25 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யற இடங்கள் பொதுவா போடற வேலை விளம்பரத்துல கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் வேணும்னு கேக்கக்கூடாதுன்னு ஒன்டாரியோல சட்டம் வந்துருக்கு. விளம்பரத்துல எழுதாம மனசுல வச்சுக்கிறவங்களை சட்டம் ஒண்ணும் பண்ண முடியாதுதான், இருந்தாலும் வாசல்லயே தள்ளிவிடறது கொஞ்சம் குறையும்.

ரெஸ்யூமே பத்தி. எங்க வீட்டுக்காரர் பம்ப் சர்வீஸ் பண்ற இடத்துல இருக்கார், உங்க போஸ்ட்டை படிச்சுக் காட்டினேன், அவர் கேட்ட முதல் கேள்வி, இவர் ஃப்ளோவை லிட்டர் பர் செகண்ட்ல எழுதியிருக்காரா ஜி.பி.எம்.ல (நிமிஷத்துக்கு எத்தனை கேலன்) எழுதியிருக்காரான்னு. ஹெட்டை, அதாவது தண்ணி ஏத்தற உயரத்தை, மீட்டர்ல போட்டிருந்தா ஃபீட்ல மாத்துங்க. இந்தியாவோட ஐ.எஸ். ஸ்டாண்டர்ட் நம்பர் போட்டா இங்க இருக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாது, ஹைட்ராலிக் இன்ஸ்டிட்யூட் ஸ்டாண்டர்ட், ஏ.பி.ஐ. 610 மாதிரி இங்க பம்ப்புக்கு பாக்கற ஸ்டாண்டர்டெல்லாம் படிச்சு உங்க டெஸ்ட் பெட் வேலையை அந்த வார்த்தையில எழுதுங்க. வேலை அதேதான், பேசற பாஷைதான் வேற. டிசைன் இன்ஜினியர்னு மட்டும் தேடாதீங்க, அப்ளிகேஷன்ஸ், இன்சைடு சேல்ஸ், சர்வீஸ் டெக்னீஷியன்னு தேடுங்க, பம்ப் விக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் கடைகளுக்கு பம்ப் கர்வ் (ஃப்ளோவுக்கு எவ்வளவு ஹெட்னு காட்டற வரைபடம்) பாத்து பம்ப் செலக்ட் பண்ணத் தெரிஞ்ச ஆள் கிடைக்காம கஷ்டப்படறாங்கன்னு இவர் சொல்றார். கையால வேலை செய்யறதுல தயக்கம் இல்லன்னா மில்ரைட் டிரேடும் இருக்கு, ஃபேக்டரி மெஷின் பொருத்தி ரிப்பேர் பண்ற தொழில், அதோட கோடு 433ஏ, அதுல லைசென்ஸ் எடுத்தவங்க சம்பளம் நிறைய ஆபீஸ் வேலையைவிட மேல.

என் கதை ஒரு வரியில. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, வந்த புதுசுல ஃபுட் பேக்கிங்ல மணிக்கு 18 வாங்கினேன், அதை விட்டுட்டு ஒரு லேப்ல சாம்பிள் பாட்டில் வாங்கி லேபிள் ஒட்டற வேலைக்கு 16க்குப் போனேன். மாமியார் வீட்டுல பெரிய ரகளை, ரெண்டு டாலர் கம்மியா யாராவது போவாங்களான்னு. 7 மாசத்துல அனலிஸ்ட் ஆனேன், ஏன்னா ஒரு நாள் டைட்ரேஷன்ல வந்த தப்பை நான் கண்டுபிடிச்சதை சூப்பர்வைசர் பக்கத்துல நின்னு பாத்தாங்க. கூலிக்கணக்கு சொன்னாரே நேரா பாக்கணும்னு, அது சத்தியமான வார்த்தை.

பனியன்லைன்:

மச்சானுக்கு பதில் நான் சொல்றேனுங்க, 18 வருஷமா திருப்பூர்ல இருக்கேன், இப்ப ஒரு எக்ஸ்போர்ட் யூனிட்ல லைன் சூப்பர்வைசர். 2020 லாக்டவுன்ல வடநாட்டு ஆளுக கூட்டங்கூட்டமா ஊருக்கு கெளம்பினாங்க, மறுபடி 2023 மார்ச்ல பீகார் ஆளுகளை இங்க அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவி பயந்து கெளம்பினாங்க. அப்ப நம்ம ஆளுகளுக்கு கூலி ஏறுச்சான்னு கேளுங்க உங்க மச்சானை. எங்க யூனிட்ல ஏறல. பேட்லாக் தையல் மெஷின்ல ஆளில்ல, ஓவர்லாக் அடிச்ச பீஸ் மலை மாதிரி குமிஞ்சு கெடக்குது, அடுத்த மெஷினுக்கு பீஸ் போகல, பீஸ் ரேட்ல இருந்த நம்ம ஊர் டைலருக்கு அந்த வாரம் பாதி சம்பளம், செக்கிங் அக்காக்கள் சும்மா உக்காந்திருந்துட்டு வீட்டுக்கு போனாங்க. லைன்ங்கறது சங்கிலி மாதிரிங்க, ஒரு கண்ணி போனா மத்த கண்ணிக்கும் வேலையில்ல.

ஆனா மச்சான் சொல்றது முழுப்பொய்யும் இல்ல, அதையும் சொல்லிப்போடணும். கட்டிங் மாஸ்டருக்கும் நல்ல பேட்டர்ன் ஆளுக்கும் கூலி ஏறிட்டுத்தான் இருக்குது. கைமடிங்கற ஹெல்பர் வேலை, நூல் பிசிறு வெட்டறது, பண்டல் தூக்கறதுன்னு இருந்தவங்களுக்குத்தான் அடி, அதுல நம்ம ஊர் வயசான அம்மாக்கள் நிறைய பேரு. பேரம் பேசினா வேற ஆள் இருக்குதுன்னு சொல்லிடறாங்க. வடநாட்டுப் பையனும் அதுல சந்தோசமா இல்லீங்க, கான்ட்ராக்டர் கமிஷன் எடுத்துக்கறான், ரூமுக்கு 8 பேரு படுத்துக்கறாங்க. வந்தவனும் ஏமாறறான், இருந்தவங்களும் ஏமாறறாங்க, நடுவுல யாரு லாபம் பாக்கறாங்கன்னு கேக்க மாட்டேங்கறோம்.

கூலிக்கணக்கு:

பனியன்லைன் அண்ணன் எழுதினதை எங்க டிபார்ட்மென்ட்ல அப்படியே வாசிச்சுக் காட்டணும் போல இருக்கு. நாங்க 40 வருஷமா சண்டை போட்டுட்டு இருக்கிறது இதே விஷயத்துக்குத்தான்.

1980ல கியூபாவோட மேரியல் துறைமுகத்தை காஸ்ட்ரோ திறந்துவிட்டார், போறவங்க போங்கன்னு. சில மாசத்துல சுமார் 1,25,000 பேர் படகுல அமெரிக்காவுக்கு வந்தாங்க, மயாமி நகரத்தோட தொழிலாளர் எண்ணிக்கை திடீர்னு 7 சதவீதம் கூடிப்போச்சு, அவங்கள்ல பெரும்பாலானவங்க அதிகம் படிக்காதவங்க. கூலி விழுந்திருக்கணும் இல்லையா? டேவிட் கார்டு 1990ல அட்லாண்டா, ஹூஸ்டன் மாதிரி நகரங்களோட ஒப்பிட்டுப் பாத்தப்ப மயாமியில படிப்பு குறைஞ்ச உள்ளூர்க்காரங்க கூலியோ வேலையோ பெருசா பாதிக்கப்படலைன்னு தெரிஞ்சுது. 2021ல நோபல் வாங்கின மூணு பேர்ல கார்டும் ஒருத்தர். அவர் பொறந்தது உங்க ப்ராம்ப்டன்ல இருந்து ஒரு மணி நேரத்துல போயிடற குவெல்ஃப், விவசாயக் குடும்பம். அவரோட முடிவை ஏத்துக்காம பல வருஷம் கழிச்சு அதே டேட்டாவை திரும்பத் தோண்டினவர் ஜார்ஜ் போர்ஹாஸ், அவரே கியூபாவுல பொறந்து 1962ல சின்னப் பையனா மயாமிக்கு வந்து இறங்கினவர். ஹைஸ்கூல் கூட முடிக்காத ஆண்களை மட்டும் தனியா எடுத்துப் பாத்தா கூலி நல்லா விழுந்திருக்குன்னு அவர் சொல்றார். அந்த சின்னக் கூட்டத்துல சர்வேல கேள்வி கேட்ட தொழிலாளிங்களோட கலவையே மாறிப்போச்சு, அதனால வந்த தோற்றம் அதுன்னு வேற சிலர் மறுக்குறாங்க. எனக்கு கார்டு பக்கம்தான் கூடுதலா நியாயம் தெரியுது, ஆனா கைமடி அம்மாவை நெனச்சா போர்ஹாஸ் கேக்கிற கேள்வியைத் தூக்கிப் போடவும் மனசு வரல, சராசரியில யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு சொல்றப்ப அந்த சராசரிக்குள்ள யாரோ ஒருத்தர் அடி வாங்கியிருக்கலாம்.

எனக்கு இதைவிட முக்கியமாப் படறது 1964 கதை. மெக்சிகோவுல இருந்து வயல் வேலைக்கு சீசனுக்கு ஆள் கூட்டிட்டு வர பிரசேரோ திட்டத்தை, அமெரிக்கத் தொழிலாளி கூலி ஏறும்னு சொல்லி நிறுத்தினாங்க. கூலி எதிர்பார்த்த மாதிரி ஏறல. கலிஃபோர்னியாவுல தக்காளி அறுவடை மெஷின் முன்னாடியே இருந்துச்சு, ஆள் கிடைக்கிற வரைக்கும் முதலாளிங்க அதை பெருசா வாங்கல, ஆள் வரது நின்ன உடனே சில வருஷத்துலயே கிட்டத்தட்ட எல்லா பண்ணையும் மெஷினுக்கு மாறிடுச்சு, மெஷின்ல பறிக்க முடியாத சில பயிரை போடறதையே குறைச்சுட்டாங்க. வெளியாளை அனுப்பிட்டா அந்தக் காசு தானா உள்ளூர் ஆள் கைக்கு வந்துடும்னு நினைக்கிறது தப்பு, முதலாளிக்கு வேற வழியும் இருக்கு. உங்க பிரேக் ரூம் நண்பர்கிட்டயும் மச்சான்கிட்டயும் நான் இருந்தா இதைத்தான் சொல்லுவேன்.

அப்புறம் திருப்பூருக்கு வடக்குல இருந்து ஏன் ஆள் வருது? 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டுல உயர்கல்வி சேர்க்கை 47 சதவீதம், நாட்டு சராசரி 28.4. நம்ம பிள்ளைங்க காலேஜ் போனாங்க, பேட்லாக் மெஷின் காலியாச்சு. காலேஜ் போன அந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்தர் நொய்யல்கரை, அவர் ப்ராம்ப்டன்ல காலியா இருந்த ட்ராலியை தள்றார். எல்லாம் ஒரே கயிறுதான்.

நொய்யல்கரை:

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேனுங்க. அந்தக் கடைசி வரியை படிச்சுட்டு கொஞ்ச நேரம் போனை கீழ வச்சுட்டேன்.

தங்கச்சி சொன்ன மாதிரி ரெஸ்யூமேவை உக்காந்து மாத்தினேன், 12 எல்.பி.எஸ்.ங்கறதை 190 ஜி.பி.எம்.னு எழுதறப்ப கை கொஞ்சம் தயங்குச்சு, ஆனா எழுதிட்டேன். காலேஜ்ல சிலபஸ் காப்பி கேட்டு மெயில் போட்டாச்சு. பிரேக் ரூம் நண்பர்கிட்ட பேசினேன், தக்காளி மெஷின் கதையைச் சொன்னேன், நம்ம வேர்ஹவுஸுக்கும் ரோபோ வருதாமேன்னு அவரே சொன்னாரு. அவரு 22 வருஷமா அங்க இருக்காரு, 21 டாலர்தான் வாங்கறாரு, எனக்கு அது தெரியவே தெரியாதுங்க. மச்சான்கிட்ட இன்னும் பேசல, ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன்.

ஒரே ஒரு சந்தேகம். அந்த 48 மாச அனுபவத்தை எழுதிக் குடுக்கணும்னு சொன்னீங்களே, என்னோட பழைய டிசைன் ஹெட் ரிட்டயர்டு ஆகிட்டாரு, அவர்கிட்ட ரெஃபரன்ஸ் வாங்கினா ஏத்துக்குவாங்களா? இங்கிலீஷ்ல எழுதறதும் எனக்கு கொஞ்சம் தடுமாற்றம்தான், யாராவது பாத்துக் குடுத்தா நல்லா இருக்கும்.

உறையூர்க்காரி:

ரிட்டயர்டு ஆனாலும் உங்க வேலையை கிட்ட இருந்து பாத்தவர்ங்கறதுதான் முக்கியம், அவர்கிட்ட முதல்ல பேசி வைங்க அண்ணா, பி.இ.ஓ.வுக்கே ஒரு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிக்கோங்க, யாரோ சொன்னாங்கன்னு போகாதீங்க. ஜி.பி.எம்.ல போட்ட ரெஸ்யூமேவை அனுப்புங்க, இவர்கிட்ட குடுக்கறேன்.

பனங்கூடல்:

தம்பி, எழுத்தைப் பாத்துத் தர என்ர மகள் இருக்கிறா, அவ இங்க ஹைஸ்கூலில இங்கிலீஷ் படிப்பிக்கிறா. சனிக்கிழமை பின்னேரம் வீட்டை வாங்கோ, நைட் ஷிப்ட் இல்லாத நாளாப் பாத்துச் சொல்லுங்கோ. சாப்பிடாமல் வாங்கோ.